மழைக்கு நின்ற காற்றாலைகள்

காற்று தோள்துண்டைப் பறிக்கும் ஆவணி நண்பகல் ஒன்றில், கடம்பூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுழற்சி ஓய்ந்து நின்றதை, விடுப்பில் போயிருந்த நான் தம்பியோடு பார்த்தது நினைவிருக்கிறது. நிறுத்தியவன் அவன், அங்குள்ள துணைமின் நிலையத்தின் பொறியாளன். நிறுத்தச் சொன்னது, சென்னையில் நான் பணியாற்றிய மின்சுமைக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

வடக்கே மழை பெய்திருந்தது. மழை பெய்தால் பம்புசெட்டும் மின்விசிறியும் ஓய்ந்து மின்தேவை சரிந்துவிடும். அனல்மின் நிலையங்களின் உற்பத்தியை ஓரளவுக்குமேல் தணிக்க இயலாது. எஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க நாங்கள் வழி செய்திருக்கவில்லை. ஆகவே, காற்று வீசும்போதே காற்றாலையை நிறுத்துவோம். அன்று மாலை அந்த மழை கரிசலுக்கும் வந்தது.

ஊர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டது. காத்தாடிகள் என்று அவர்கள் சொல்லும் காற்றாலைகள் மேகத்தை விரட்டுகின்றன என்பது அங்கே வெகுநாளைய நம்பிக்கை. "மேகத்த வெரட்டுததுக்கா சாருக்குச் சம்பளம்?" என்று தேநீர்க்கடையில் தம்பியைச் சீண்டியவர்களே மறுநாள் பூமாலையோடு வந்தார்கள். மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது அவர்கள் வழக்கம். எறும்பு தின்பதற்குள் மழை விழ வேண்டும். காத்தாடியை நிறுத்தி விதையைக் காத்தவன் தம்பி என்றார்கள். மழையால்தான் அவை நின்றன என்று அவன் எவ்வளவோ சொன்னான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "நம்ம கையாலாகாத்தனத்துக்கு மாலை போடுதாவண்ணே" என்று என்னிடம் சொன்னபோது அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக் காலத்தில் அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டான்.

இந்த ஆவணிக் கடைசியில் தம்பி இறந்தான். எனக்கு அவன் செய்ய வேண்டியதை அவனுக்கு நான் செய்தேன். கடம்பூரில் தம்பி வீட்டில் நடந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு, கரிசலில் வெள்ளாமை செய்யும் அவ்வூர்ச் சம்சாரிகள் வந்திருந்தார்கள். கிளம்பும்போது முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, புழுதியில வெதச்சுப்போட்டோம். அவியளும் போயிட்டாவ. காத்தாடிய நிப்பாட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

நான் ஓய்வுபெற்றவன் என்பதையும், மழையை யாரும் நிறுத்தவோ வரவழைக்கவோ முடியாது என்பதையும், அவர்கள் காட்டில் வீசும் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும் மின்கட்டமைப்பை என் காலத்தவர் உருவாக்கவில்லை என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க தம்பியும் இப்படியேதான் சொல்லுவாவ. சொல்லிட்டு, நிப்பாட்டிக் குடுத்துருவாவ."

அவருக்குப் பின்னால், வெளுத்த வானத்தில், காற்றாலைகள் அனைத்தும் சுற்றிக்கொண்டிருந்தன. வடக்கிலும் மழை இல்லை என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கையை விடவில்லை. இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவும் இல்லை.