காற்றைத் திருப்பும் உத்தியோகம்

ஏசி வேலை பார்க்கிறவனைக் கம்ப்ரெசர்கூட இந்தப் பாடு படுத்தாது, காற்று வெளியே வருகிற வாயில் இருக்கும் அந்த நாலு பிளாஸ்டிக் பட்டைகள்தான் உயிரை வாங்கும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல ஏணியும் ஸ்க்ரூ டிரைவருமாக அலைகிறவர்கள் இருந்தால், வாங்க, சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸிலும் என்னைப்போல ஒரு ஜீவன் இருக்கும். அவனைப் பார்த்தால் ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

நான் வேலை பார்ப்பது தொம்மலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். பெங்களூருக்கு எதற்கய்யா ஏசி என்று ஊரில் கேட்கிறார்கள். ஜன்னல் திறந்தால் வேண்டாம்தான். இங்கே ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வெளியே ஜிலுஜிலுவென்று காற்றடிக்கும், உள்ளே மனுஷரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வெந்துகொண்டிருப்பார்கள். போன கோடையில் எங்கள் மாடிக் கூரையில் புதிதாக வென்ட், அதாவது காற்று வருகிற வாய், போட்டார்கள். காற்றை இரண்டு விதமாகத் திருப்பலாம். பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழைக் கையால் திருகி ஒரே பக்கமாக நிறுத்தலாம். இல்லையென்றால் ரிமோட்டில் ‘ஸ்விங்’ பட்டனை அமுக்கினால், பட்டைகள் தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும். ஒன்றே ஒன்றுதான் விதி: ஸ்விங் ஓடும்போது கை வைக்கக் கூடாது. இதைக் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி ஒட்டினேன். எழுதி என்ன, படிக்கிறதற்கு ஆள் வேண்டாமா?

பிடித்து வைத்த காற்று

கார்த்திக் மதுரைப் பையன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்கு இந்த ஊரில் வேர்க்கக் கூடாது, நியாயப்படி. ஆனால் அவனுக்கு எந்நேரமும் வேர்க்கும். காற்று நேராக முகத்தில் அடித்தால்தான் அவனுக்குக் கம்ப்யூட்டரில் வேலை ஓடும்.

ஒருநாள் அவன் வரிசையிலிருந்து ‘டக் டக் டக்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால், சக்கரம் வைத்த நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, ஆடுகிற பட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான் மகராசன். மோட்டார் அந்தப் பக்கம் இழுக்கிறது, இவன் இந்தப் பக்கம் இழுக்கிறான். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் பாவம் என்ன செய்யும்? பல் எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. இறங்குடா சாமி, விழுந்து தொலைக்கப் போறே என்று இறக்கிவிட்டேன். கை வைக்காதே என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“நம்ம பக்கம் வந்துட்டுத் திரும்பிப் போயிடுதுண்ணா. அதான் போகவிடாம புடிச்சு வெச்சேன்.”

மூடின பாதி

கார்த்திக்குக்கு எதிர் நாற்காலி ஸ்டெல்லா மேடம். கணக்குப் பிரிவு. கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பம். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிடரியில் காற்றுப் பட்டால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி. ஏப்ரல் மாதத்திலும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வென்ட்டைக் குமிழில் போட்டு, காற்று சுவர்ப் பக்கம் போகிற மாதிரி நிறுத்திவிட்டு வருவேன். நான் அந்தப் பக்கம் போனதும் கார்த்திக் திருப்புவான். அவன் காபிக்குப் போனதும் மேடம் திருப்புவார். திருகித் திருகிக் குமிழே கழன்று கையோடு வந்துவிட்டது.

ஒருநாள் கார்த்திக் மேஜையில் தண்ணீர் சொட்டுகிறது என்று அலறி அடித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். குழாய் அடைப்பு என்று நினைத்து மேலே ஏறி, கூரை ஓட்டைக்குள் பாதி உடம்பை விட்டுத் தேடுகிறேன், தேடுகிறேன், ஒரு அடைப்பும் இல்லை. கடைசியில் பார்த்தால் வென்ட்டின் ஒரு பாதியை மைசூர்பா டப்பாவின் மூடியால் மறைத்து, செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. அந்தக் குளிர் அட்டைதான் வேர்த்து வேர்த்து, ஓரமாக வழிந்து எதிர்ப்பக்கம் சொட்டியிருக்கிறது. டப்பா யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. மீதி மைசூர்பா மேடம் மேஜையில்தான் இருந்தது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். இப்படிச் செய்யலாமா மேடம் என்று கேட்டேன்.

“நான் என் பாதியைத்தானே மூடினேன் சேகர்? அவன் பாதியை நான் தொட்டேனா?”

மோட்டாருக்கு லீவு

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். வாசலில் வாழைக்கன்று, லிஃப்டுக்கு மாலை, பிரின்டருக்குப் பொட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. எனக்கும் பக்தி இருக்கிறது, என் ஸ்பானருக்கும் பொட்டு வைத்தேன். ஆனால் அந்த வருஷம் மேனேஜர் நாகராஜ் சாருக்குப் புது வென்ட்டின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. ஹவுஸ்கீப்பிங் ஆட்களை ஏணியில் ஏற்றி, ஒவ்வொரு வென்ட்டின் பட்டையிலும் சாமந்திச் சரம் சுற்றவைத்திருக்கிறார். ரிமோட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில்தான் ரிமோட்டுக்குக் கண் இருக்கிறது. சந்தனம் காய்ந்து இறுகிப்போனதால் ரிமோட் செத்துவிட்டது.

ரிமோட் வேலை செய்யாததால் ஸ்விங்கை நிறுத்த முடியவில்லை. பட்டைகள் சாமந்திச் சரத்தை இழுத்துக்கொண்டு முக்கி முனகி ஆடுகின்றன. கார்த்திக் தலையில் பூ கொட்டுகிறது, ஏதோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நான் ஏணியோடு ஓடினேன். நாகராஜ் சார் குறுக்கே வந்து நின்றுவிட்டார். கன்னடக்காரர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பூஜை செய்த மாலையை இன்றைக்கே கழற்றக் கூடாதாம், பூஜை நாளில் மெஷினை ஓட்டவும் கூடாதாம். சரி சார், மொத்தமாக ஏசியை நிறுத்திவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னது:

“மோட்டாருக்கு மட்டும் இன்னைக்கு லீவு குடுங்க சேகர். காத்து வந்துட்டே இருக்கட்டும்.”

வந்தாலும் குற்றம்

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இருக்கிறதல்லவா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன். எங்கள் மாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ‘குளிருது’, ‘வேகுது’, ‘சத்தம் வருது’, ‘யாராவது ஏசி அண்ணாவைக் கூப்பிடுங்க’ என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. பூஜை முடிந்த கையோடு நாகராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். டிசம்பரில் என் கான்ட்ராக்ட் முடிகிறது, குரூப்பில் புகார் இப்படியே வந்துகொண்டிருந்தால் மேலிடத்தில் இந்த வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார்.

ஏஜென்சிக்குப் போனால் எனக்கும் அங்கே வேலை கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். என் வீடு ஆபீஸுக்குப் பின்னால் பழைய தொம்மலூரில், நடந்து போகிற தூரம். அப்பாவுக்குப் பக்கவாதம், ஒரு கை வராது. என் மனைவி ஸ்கூலில் ஆயா வேலைக்குப் போய்விடுவாள். மத்தியானம் நான் போய்ச் சோறு பிசைந்து ஊட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு. யாராவது பக்கத்து வீட்டுக்காரர் ஊட்டட்டும் என்று விட எனக்கு மனசு வராது, அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

அதனால் பொறுமையாக ஸ்டெல்லா மேடத்திடம் பேசிப் பார்த்தேன். ஸ்விங்கில் போட்டுவிட்டால் காற்று ஒரு இடத்தில் நிற்காது மேடம், உங்கள் பக்கம் வந்த உடனே போய்விடும், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே ஒருமுறை பார்த்தார்.

“போனாலும் நிம்மதி இல்லையே சேகர். திரும்பி வருமேன்னு பயந்துகிட்டே உட்கார்ந்திருக்கேன்.”

பட்டம் கட்டினேன்

அன்றைக்கு எனக்கு வெறுத்துப்போய்விட்டது. ஆளுக்கொரு கையால் திருப்பினால் அந்த வென்ட் என்ன, நானும்தான் உடைந்துபோவேன். எல்லாக் குமிழையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். ரிமோட்டின் கண்ணில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்து அதற்கு உயிர் கொடுத்தேன். இனிமேல் ரிமோட்டில் மட்டும்தான் காற்று திரும்பும், அந்த ரிமோட் ஸ்டெல்லா மேடத்தின் பொறுப்பு என்று குரூப்பில் போட்டுவிட்டு, அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதிகமாகக் குறை சொல்கிறவரையே தலைவர் ஆக்கிவிடுவது எங்கள் தெரு விநாயகர் சதுர்த்திக் கமிட்டியில் காலங்காலமாக நடக்கிற வழக்கம்தான். மேடத்துக்கு முகமெல்லாம் சந்தோஷம். ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து குரூப்பில் சத்தமே இல்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. போன் ரிப்பேரா என்று என் பெண்ணிடம் கொடுத்துக்கூடப் பார்த்தேன். மத்தியானம் அவசரமில்லாமல் போய் அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, மோர் கரைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இருந்தாலும் உறுத்தல். கார்த்திக்கை ஓரமாகக் கூட்டிப்போய், காற்று சரியாக வருகிறதா தம்பி என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“உங்ககிட்ட ஒரு குறையும் இல்லண்ணா. மேடம்கிட்டதான் நாங்க எல்லாரும் வரிசையில நிக்கிறோம்.”

நல்ல பெயர்

டிசம்பரில் நாகராஜ் சார் கூப்பிட்டார். தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். குரூப்பைத் திறந்து காட்டினார், ஏசி பற்றி ஒரு வரி இல்லை. பிரமாதமாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மேலிடத்தில் ஒரு கேள்வி கேட்கிறார்களே என்று இழுத்தார். புகாரே இல்லாத மாடிக்கு முழுநேர ஆள் எதற்கு என்கிறார்களாம். ஏஜென்சியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்தால் போதாதா என்கிறார்களாம்.

அடப்பாவிகளா! புகார் வந்தால் அனுப்புவோம் என்றார்கள், வரவில்லை என்றாலும் அனுப்புவோம் என்கிறார்கள். அப்பா மத்தியானத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கண் முன்னால் நின்றது. சார், என்று ஆரம்பித்தேன்.

அப்போது கதவைத் தட்டாமலே ஸ்டெல்லா மேடம் உள்ளே வந்தார். தோளில் சால்வை இல்லை. வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தார். நான் உட்கார்ந்திருந்ததையே கவனிக்கவில்லை. சாப்பிட விடமாட்டேன் என்கிறார்களாம், பாத்ரூம் வாசலில் வந்து நின்று ஸ்விங்கை நிறுத்துங்க மேடம் என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையில் இருக்கும்போது ஒருவன் போன் செய்து, ரிமோட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டானாம். கார்த்திக்குக்காகத் திருப்பினால் பின்வரிசை முறைக்கிறது, பின்வரிசைக்குத் திருப்பினால் கார்த்திக் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு உஸ் உஸ் என்கிறானாம். இத்தனை நாள் கழுத்து மட்டும்தான் வலித்தது, இப்போது தலையிலிருந்து கால் வரை வலிக்கிறது என்றார். கணக்குப் பிரிவுதானே, என் கான்ட்ராக்ட் முடிகிற கதை அவருக்கும் தெரியும். கடைசியாகக் கைப்பையைத் திறந்து ரிமோட்டை எடுத்து, நாகராஜ் சாருக்கு நேராக மேஜையில் வைத்தார்.

“சார், இந்த ரிமோட்டை இனிமே நீங்க வெச்சுக்கறீங்களா, இல்ல சேகரை வெச்சுக்கறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

நாகராஜ் சார் ரிமோட்டைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், ரிமோட்டை விரல் நுனியால் மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, என் கான்ட்ராக்டை நீட்டிக்கிற காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு ஊட்ட அரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. நன்றாகத் திட்டினார்.

ஆகவே ஏசி வேலை பார்க்கும் சக பாவிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள், ஆனால் புகாரே வராத அளவுக்கு ஒழுங்காகச் செய்து தொலைத்துவிடாதீர்கள்.