பி.டி. சாரின் பீரியட்

தாராவியில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். லேசான தொப்பை, கழுத்தில் எப்போதும் விசில். காலையில் கேட்டில் நின்றுகொண்டு, உள்ளே வரும் பிள்ளைகளிடம் "என்ன சாப்ட்ட?" என்று கேட்பார். வெறும் சாய் என்று சொன்ன பிள்ளையின் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணிப்பார்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் என் பாடத்தில் தினமும் தூங்கிவிழுந்தாள். ஃபெயில் ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். பி.டி. பீரியடிலும் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தரலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"தூங்குத பிள்ளைக்கு இன்னும் கணக்கா டீச்சர்? வேண்டாம். காலைல சீக்கிரம் வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாளிலிருந்து அவள் சீக்கிரம் வந்து, அவர் தந்த பழத்தைத் தின்றுவிட்டு மற்றப் பெண்களோடு மைதானத்தில் ஓடி, வியர்த்து வகுப்புக்கு வந்தாள். தூக்கம் மெல்ல விலகியது. ஒருநாள் எழுந்து, "டீச்சர், போர்டுல நீங்க போட்ட கணக்கு தப்பு" என்றாள். தப்புதான்.

அவரிடம் சொன்னேன். "இனி உங்க பாடு டீச்சர்," என்று சிரித்தார்.

அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. அவருடைய பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பீரியடுக்கு மணி அடித்ததும் நான் சாக்பீஸை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு மைதானத்துக்கு இறங்கிவிடுகிறேன்.