என்னைக் கொடுத்து ரவியை எடுத்த கதை

நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எப்போதும் சந்தைச் சத்தம்தான். போன குளிர்காலத்தில் ஒருநாள் கதவைத் திறந்தால் செத்தவீட்டு அமைதி. மாவு குழைக்கும் இயந்திரத்தில் நிற்கும் ஜெரோம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண் சிவந்திருந்தது. நான் திருகோணமலையில் இருந்து கனடாவுக்கு வந்து எத்தனை பனி கண்டாலும் சில ஊர்ப் பழக்கம் போகாது. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, அவருடைய கையைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மெதுவாக, “யார்?” என்று கேட்டேன். அவர் ஒரு பெயர் சொன்னார். மூத்த அண்ணனாக்கும் என்று நினைத்து, “எப்போது அடக்கம்?” என்றேன்.

எதிரில் இருந்த மிஷேலுக்குக் கோப்பி மூக்கால் வந்தது. சாமான் தூக்கும் வண்டி ஓட்டும் அந்த மனுசி சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆள் சாகவில்லை. எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணியின் ஆட்டக்காரர். அவரை வெப்பமான ஏதோ ஒரு நகரத்து அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஒரு நெட்டையரை எடுத்திருக்கிறார்கள். இதற்கு இங்கே ‘ட்ரேட்’ என்று பெயர். ஜெரோம் பிடித்த கையை விடவில்லை. ஆறுதல் ஆறுதல்தானே என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வாரம் முழுக்க அறையில் இதே வழக்குத்தான். அவர்கள் ஆங்கிலத்தில் சண்டை பிடித்ததை எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்.

“கடைசி நிமிடத்தில் பந்தை யாரிடம் கொடுப்பது என்று இனி முழிப்பார்கள். அந்த நெட்டைக்கு ஓடத் தெரியுமா? நடப்பதே ஒரு நிகழ்ச்சி” என்றார் ஜெரோம்.

“உன்னுடைய ஆளுக்கு முழங்கால் போய்விட்டது. பாசத்தை வைத்துக் கிண்ணம் எடுக்கலாம் என்றால் நீ எப்போதோ எடுத்திருப்பாய்” என்றார் மிஷேல். “அதோடு அடுத்த வருடம் ஒரு இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்கிற உரிமையும் சேர்ந்து வருகிறது.”

எனக்கு வேறு சந்தேகங்கள். “ஆளிடம் சம்மதம் கேட்டார்களா?” என்று கேட்டேன். இல்லையாம். சாமான் வாங்கிக்கொண்டு நின்றவருக்கு அழைப்பு வந்ததாம். “அப்படியென்றால் இரண்டு அணிக்காரரும் இனி ஒருத்தர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய்வருவார்களா?” இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், அன்றைய பாண் கருகியதற்கும் நான்தான் காரணம் போல இருந்தது.

நான் விளக்க வேண்டி வந்தது. எங்கள் கிழக்கிலங்கையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் குடியேறுவான். குடியிருக்கிற ஊருக்குத்தான் புட்போல் விளையாடவும் வேண்டும். அதனால் எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு கலியாணமும் ஒரு ட்ரேட். தாலி கட்டும்போது சனம் அட்சதை போட, விளையாட்டுக் கழகத்துப் பெடியள் ஒரு மூலையில் நின்று அடுத்த வருடம் இடப்பக்கம் யாரை விடுவது என்று கணக்குப் பார்ப்பார்கள்.

என்னுடையது இன்னும் ஒரு படி மேல். நான் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்துக்காரன். கோல்கீப்பர். அந்தப் பதவிக்கு எனக்கிருந்த ஒரே தகுதி, எனக்கு ஓட விருப்பமில்லை என்பதுதான். நிலாவெளிக்கு அங்கால இறக்கக்கண்டியில் ரவி என்று ஒருத்தன் இருந்தான். துறைமுகத்தில் வேலை, மாலையில் பந்து. அவன் அடித்த பந்துகளில் பாதியை நான் வலைக்குள் இருந்து எடுத்துத்தான் பார்த்திருக்கிறேன். ரவிக்கு என் தங்கை மலரைப் பேசினார்கள். ரவியின் தங்கை வாசுகி அப்போது கனடாவில் படித்து முடித்து அங்கேயே வேலை எடுத்திருந்தாள். அவளுக்கு என்னைப் பேசினார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாற்றுச் சம்பந்தம். ரவி சல்லிக்கு வந்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். அது மட்டும் கொஞ்சம் தூரமாகவும் குளிராகவும் இருந்தது.

சல்லி கொண்டாடியது. என்னைக் கொடுத்து ரவியை எடுத்தது ஊர் செய்த புத்திசாலித்தனங்களில் முதலாவது என்று இன்றைக்கும் சொல்வார்கள், அதையும் எனக்கு முன்னால் வைத்தே. இறக்கக்கண்டியில் கலியாணப் பந்திக்கு வந்த கழகத்துப் பெடியள் வடையை மட்டும் எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழகத்தின் தலைவர் வேறு யாருமில்லை, என் மாமனார்தான். சொந்த மகனை, அதுவும் கோல் அடிக்கிற மகனைக் கொடுத்துவிட்டு, கோல் விடுகிறவனை எடுத்த மனிதர். அதற்குப் பிறகு கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் ஆட்டத்தில் சல்லி வெல்கிற ஒவ்வொரு தடவையும், இங்கே வாசுகி தகப்பனோடு வாட்ஸ்அப்பில் கதைத்துவிட்டு எனக்குச் சொதி இல்லாமல் வெறும் இடியப்பம் வைப்பாள். “உங்கட ஆக்கள் வெண்டிட்டினம். அதை வைச்சுச் சாப்பிடுங்கோ.”

கதையைக் கேட்டு முடித்த ஜெரோம் முதல் தடவையாகத் தன் துக்கத்தை மறந்தார். மிஷேல் கணக்காளர் மாதிரி முன்னுக்குச் சாய்ந்தார்.

“உன்னால் எத்தனை கோல் தடுக்கப்பட்டது?”

“எனக்கு ஞாபகம் இருக்கிற அளவில், ஒன்று. அது கம்பத்தில் பட்டது.”

“அப்போ உன்னை ஏன் எடுத்தார்கள்?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. பாண் தட்டுகளை அடுக்கும்போதும், பேருந்தில் கண்ணாடிப் பனியைத் துடைக்கும்போதும் கூடவே வந்தது. இவ்வளவு காலமும் நான் பகிடியாகச் சொல்லி வந்த கதைக்குள் பகிடி இல்லாத ஒரு துண்டு இருந்தது. என்னை எடுத்தவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள்? நட்டமா இல்லையா? வாசுகியிடம் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அதுதான் பயம்.

பனி கரையும் நேரத்தில் அந்த ஆட்டக்காரர் புது அணியோடு எங்கள் நகரத்துக்கு விளையாட வந்தார். ஜெரோம் என்னையும் அரங்குக்கு இழுத்துப்போனார். தொடங்குவதற்கு முன் பெரிய திரையில் அவர் இங்கே ஆடிய காட்சிகளைப் போட்டார்கள். முழு அரங்கும் எழுந்து நின்று கை தட்டியது. அந்த மனிதர் மற்ற அணியின் சட்டையோடு நடுவில் நின்று நெஞ்சில் கை வைத்தார். ஜெரோம் பக்கத்தில் தேம்பினார். ஊதல் ஒலித்தது. பந்து அந்த ஆட்டக்காரரின் கைக்குப் போனது. ஜெரோம் கண்ணைத் துடைத்த அதே கையை நீட்டி, “அவனைப் பிடி, விடாதே” என்று கத்தினார். இதற்குள் எது உண்மை என்று கேட்டேன். “எல்லாம்தான்” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

சித்திரையில் விடுமுறை எடுத்து ஊருக்குப் போனோம். நேரமும் அப்படி அமைந்தது. முத்துமாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு, சல்லிக்கும் இறக்கக்கண்டிக்கும் நாற்பது தாண்டியவர்களின் ஆட்டம். இறக்கக்கண்டியின் கோல்கீப்பர் கத்தாரில். மாமா எனக்கு முன்னால் தன் கழகத்துப் பச்சைச் சட்டை ஒன்றை வைத்தார்.

“மருமகன், நீங்கள்தான் நிக்க வேணும்.”

“மாமா, எனக்கு ஏலாது. வயிறு வந்திட்டுது.”

“அது நல்லதுதானே. கொஞ்சம் இடத்தை அடைக்கும்.”

ஆட்டத்துக்குப் போகும் வழியில் ஓட்டோவில் அவரும் நானும் மட்டும். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் இருந்து கொண்டுவந்த கேள்வியை அங்கேதான் இறக்கினேன். “மாமா, ஒரு கதை கேக்கிறன், கோவிக்கக் கூடாது. ரவியைக் குடுத்து என்னை எடுத்தது நட்டமோ?”

மாமா கடலைப் பார்த்தார். அவசரப்படுகிற ஆள் இல்லை.

“நட்டந்தான்” என்றார். “அவன் இருந்திருந்தா எத்தினை கப் வந்திருக்கும்.”

நான் தலையாட்டினேன். கேட்டது என் பிழை.

“ஆனா தம்பி, அப்ப பிள்ளை அங்க தனிய. ரெலிபோன் எடுத்தா அழுவாள். இஞ்ச மனுசி சாப்பிடாது. எத்தினையோ மாப்பிள்ளையள் பேசி வந்தது. நான் ஒருத்தரையும் வீட்டில போய்ப் பாக்கேல்ல. உங்களைத்தான் பாத்தனான், மைதானத்தில. ரவி அடிக்க வருவான். மற்றக் கோல்கீப்பர்மார் பயத்தில அங்கால இஞ்சால பாய்வாங்கள். நீங்கள் பாய மாட்டியள். பந்து உள்ளுக்குப் போகும், எல்லாரும் ஏசுவாங்கள், நீங்கள் அந்த இடத்திலயே நிப்பியள். இவன் விட்டிட்டு ஓட மாட்டான் எண்டு நினைச்சன்.”

பிறகு சொன்னார்: “பந்து பிடிப்பியள் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்ல.”

நான் சட்டையின் கழுத்தைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

முதல் பாதியில் எனக்குப் பின்னால் இறக்கக்கண்டிச் சனம் நின்றது. மாமாவின் ஆட்கள் எனக்கு ஓயாமல் யோசனை சொன்னார்கள். அதில் எதையும் நான் செய்யவில்லை. எப்படியோ ஒரு கோலும் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். இப்போது என் முதுகுப் பக்கம் முழுக்கச் சல்லி. கம்பங்களில் கட்டியிருந்தது பழைய மீன்வலை. அதன் கிழிசல் ஒன்றுக்குள்ளால் ஒரு கை தண்ணீர்ப் போத்தலை நீட்டியது. மலர்.

“அண்ணா, குடியுங்கோ. முகமெல்லாம் சிவந்து போச்சு.” குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். “இனி ஒரு கோல் விடுங்கோ.”

“அடியே, நான் எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ?”

“அது தெரிஞ்சபடியாத்தானே கேக்கிறன்.”

ரவி வந்தான். தொந்தி அவனுக்கும் இருந்தது. கால் மட்டும் பழைய கால். “மச்சான், வாறன்” என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக நான் பாய்ந்தேன். மாமாவுக்காகவா, மிஷேலின் கணக்குக்காகவா, தெரியவில்லை. இடப்பக்கம் பாய்ந்தேன். பந்து, நான் வழக்கமாக நிற்கிற இடத்தால் உள்ளே போனது.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, பந்தை எடுக்கத் திரும்பினேன். வலைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், என் ஊர் எழும்பி நின்று கை தட்டியது. ரவிக்குத்தான். ஆனால் மலர் தட்டியபடி என்னைத்தான் பார்த்தாள். என் கை, என்னைக் கேட்காமல், பச்சைச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் போயிற்று. மைதானத்தின் எதிர்ப்பக்கத் தொங்கலில் இருந்து மாமாவின் குரல் வந்தது.

“பரவாயில்லை மருமகன். அங்கயே நில்லுங்கோ.”

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். முகம் வலைப் பக்கம், முதுகு குரல் பக்கம்.