கரைவீட்டு விளக்கு

சாயந்திரம் சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகன் போனில் ஓடிய பழைய வீடியோ கேமிலிருந்து அலைச்சத்தம் கேட்டதும் என் கை நின்றது. கடலோரப் பொழியூரில், சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியில், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் விளையாடிய அதே கேம். பாறைவரை வந்து, அதற்குமேல் ஏறாமல் திரும்புகிற அதே நீலக்கடல், கரையில் விளக்கெரியும் அதே வீடு. அதன் கதவு எங்களுக்குத் திறந்ததே இல்லை. “எலே, பேடிக்காத, உள்ள ஆளு உண்டு ஆக்கும்,” என்று எனக்குத் தைரியம் சொல்லி, பட்டனை அமுக்கிக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள் சித்தப்பா மகள் செல்வி.

ஒரு கர்க்கடக மாச மழையில் நிஜக்கடல் ஏறிவந்து, வீட்டோடு செல்வியைக் கொண்டுபோனது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவள் போட்டோ முகம் தெரியாமல் வெளுத்துவிட்டது. அந்தக் கேமின் நீலம் இன்றும் மங்கவில்லை.

“அப்பா, கதவு தொறந்தாச்சு,” என்றான் மகன்.

முருகா முருகா என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்: “உள்ள ஆளு உண்டா மக்கா?”