ஜும்மா முடிவதற்குள்

மயிலாப்பூரில் அந்த மூக்குக் கண்ணாடிக் கடையை வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் மூடுவார்கள். கடைக்காரப் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் வேலையை முடிக்க வேண்டும். குழந்தைக்காகப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள் நான். "இது நல்லபடியா முடிஞ்சா நிரந்தரம் பண்ணிடலாம். இல்லேன்னா பாக்கலாம்" என்றிருந்தார் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி. அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா?

கடைக்கு வருகிறவர்களின் கண் பவர் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. அதை யாரோ ரூட் பெயரில் ஓடவிட்டிருந்தார்கள். ரூட் என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். திருடன் ஒருவன் அதன் வழியாக நுழைந்தால் மொத்தமும் போச்சு. அதனால் அதிகாரம் குறைந்த புது யூசர் ஒன்றை உருவாக்கி, கோப்புகளை அதன் பெயருக்கு மாற்றினேன். பழக்கதோஷம், ரூட்டாகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. நிறுத்திவிட்டுப் புது யூசராக ஓட்டினால், அனுமதி இல்லை என்கிறது!

ஆபீஸ் தம்பிக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, யார் வேணா எழுதலாம்னு எல்லா ஃபைலுக்கும் போட்டு வுடுங்க. ஓடிடும்."

"அதுக்கு ரூட்டே தேவலையே! வைடா ஃபோனை."

கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் புதுப் பெயரில். நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஒரே ஒரு லாக் ஃபைல் மட்டும் ரூட் பெயரில், சற்று முன் பிறந்தது. நான் ரூட்டாக ஓட்டியபோது உண்டானது! அடிப்பாவி, நீயேதானா என்று தலையில் அடித்துக்கொண்டு அதையும் மாற்றினேன். ஓடியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் பார்த்தேன். தானாகவே ஓடியது.

தொப்பியைக் கழற்றாமலே பாய் ஷட்டரைத் தூக்கினார். "இன்னாம்மா, ஓடுதா?" பின்னாலேயே உடைந்த கண்ணாடியோடு ஒரு பெரியவர், மகளின் கையைப் பிடித்தபடி. பாய் அவர் பெயரைத் தட்டினார். வலது கண், இடது கண், பவர் எல்லாம் திரையில் வந்து நின்றது.

பாய் அங்கேயே முதலாளியைக் கூப்பிட்டார். "நம்ம அடையாறு கடைக்கும் பண்ணணும் சார். அடுத்த ஜும்மாவுக்கு இந்தம்மாவையே அனுப்புங்க." பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை வந்து நிரந்தர வேலை ஆர்டரை வாங்கிக்கோங்க" என்றார் முதலாளி.

என் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பாய் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இன்னாம்மா, கண்ணு எரியுதா? உக்காரு, டெஸ்ட் பண்ணிடலாம்."