விசில் சத்தத்தில் வந்த ரிசல்ட்

தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் 'ஸ்ஸ்ஸ்'... எவர்சில்வர் டம்ளர்கள் மேசையில் மோதும் சத்தம்... "ரெண்டு ரவா, ஒரு ஊத்தப்பம், முறுகலா!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தும் சப்ளையர்... அத்தனைக்கும் மேலே ரேடியோ.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கிளப்புக்கடை அது. எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினேழு வயது. அதுவரை நானும் அம்மாவும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது.

அன்றைக்கும் சாப்பிடப் போகவில்லை. பேப்பர் பார்க்கப் போனோம்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குப் பேப்பரில் வருகிறது. முதல் தடவை கணக்கில் பெயில். ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படித்து மறுபடி எழுதியிருந்தேன். "இந்தத் தடவையும் போச்சுன்னா, திங்கக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில ஏறிர வேண்டியதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் ஊர் இளையரசனேந்தலில் என்னோடு படித்தவர்களில் பலர் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்கு அந்த வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கோ நர்ஸ் ஆக வேண்டும்...

முதல் பஸ்ஸிலேயே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பேப்பர் இல்லை. "தீந்து போச்சும்மா. எதுத்தாப்ல கிளப்புக்கடையில ஒண்ணு கிடக்கும், போய்ப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

முகூர்த்த நாள் வேறு. கோயிலில் கல்யாணம் முடித்த கூட்டமெல்லாம் அங்கேதான் இருந்தது. பெண்கள் உட்காரும் பேமிலி ரூம் நிரம்பி வழிந்தது. "அங்கன ரெண்டு இடம் கிடக்கு, சட்டுனு உக்காருங்க" என்று சப்ளையர் கைகாட்டிய மேசையில் ஏற்கெனவே இரண்டு ஆண்கள். அம்மா தயங்கி நின்றாள். முன்பின் தெரியாத ஆம்பிளைகளுக்கு எதிரே எப்படி உட்காருவது?

காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர் ஒருவர் தன் தட்டை ஓரமாக நகர்த்தினார். "உக்காருங்கக்கா. நானும் அக்கா தங்கச்சிகூடப் பொறந்தவன்தான்."

பக்கத்தில் இருந்தவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. பூரியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாலும் அவரிடமிருந்து எலுமிச்சை வாசம்தான் வந்தது. அவர் மடியில் பேப்பர்!

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணாச்சி, அந்தப் பேப்பரத் தருவியளா?"

அந்தச் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டது. "ஏலே, இந்தப் புள்ளைக்கு ஒரு பேப்பர் ரோஸ்ட்டு!"

பெஞ்சின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ... "ரிசல்ட்டு அண்ணாச்சி! எம் புள்ளைக்கு இன்னைக்கு ரிசல்ட்டு!"

அவ்வளவுதான். பூரியும் போச்சு, காப்பியும் போச்சு. வியாபாரி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரை விரித்தார். நாலு தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. வரிசை வரிசையாக நம்பர்கள்... என் நம்பர் இல்லை. மறுபடி பார்த்தோம். இல்லை.

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஏம்மா, நீ ஸ்கூல்ல இருந்து எழுதுனியா, பிரைவேட்டா?" என்றார் கண்டக்டர்.

"பிரைவேட்டு..."

"அதத் தனியால்லா போட்டிருப்பான்! நடுத்தாள் எங்க வே?"

நடுத்தாளைக் காணோம். கடைப் பேப்பர்தானே, மேசைக்கு ஒரு தாளாகப் பிரிந்து போயிருந்தது. அதோ, மூலையில் ஒரு கண்ணாடிக்காரர் கையில்! கண்டக்டர் எழுந்து கத்தினார். கண்ணாடிக்காரர் காதில் கையை வைத்து, "என்ன?" என்று சைகை காட்டினார். கண்டக்டர் இன்னொரு தடவை கத்தினார். ம்ஹூம்... ரேடியோவையும் கல்யாணக் கூட்டத்தையும் தாண்டி எதுவும் போகவில்லை.

கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்தார்.

"ப்ர்ர்ர்ர்ர்!"

கடையே உறைந்துவிட்டது! நாலு தட்டோடு சப்ளையர் நட்டநடுவே நின்றார். கல்லாவில் இருந்தவர் ரேடியோவை நிறுத்தினார். பஸ் கிளம்பிவிட்டதென்று இரண்டு பேர் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினார்கள்.

"பிரைவேட்டு ரிசல்ட்டப் பாருங்க அண்ணாச்சி!" என்று கண்ணாடிக்காரரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார் கண்டக்டர். "இப்ப நம்பரச் சொல்லு மக்கா."

எழுந்து நின்றேன். "மூணு... எட்டு... சைபர்... ரெண்டு... ஆறு..."

அந்தப் பெரிய கடையில் என் குரல் மட்டும். கண்ணாடிக்காரரின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. நின்றது. திரும்ப மேலே போனது. பிறகு அவரும் எழுந்து நின்றார்.

"இருக்கு தாயி! பாஸு!"

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! முந்தைய சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. கல்யாணக் கூட்டம் மொத்தமும் கை தட்டியது. வியாபாரி மேசையில் ஓங்கி அடித்ததில் சாம்பார் என் பாவாடையில் தெறித்தது. "பாஸான புள்ளைக்கு ஒரு கேசரி!" என்று சப்ளையர் அடுக்களைக்குக் குரல் கொடுத்தார். கேசரி வந்ததும் அம்மா அழுதுகொண்டே அதில் பாதியைக் கண்டக்டர் தட்டிலும் வியாபாரி தட்டிலும் வைத்தாள். "எச்சி படல, சாப்பிடுங்க..."

அடுத்த வருஷமே நர்ஸ் டிரெயினிங்கில் சேர்ந்தேன். முழு சர்வீஸும் முடித்து ரிட்டயர் ஆகிவிட்டேன்.

போன மாதம் மகன் என்னையும் என் வீட்டுக்காரரையும் உல்லாசக் கப்பல் பயணம் கூட்டிப் போனான். சாப்பாட்டு ஹால் வாசலில், தனி மேசையா, மற்றவர்களோடு ஷேரிங்கா என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கும் முன் நான் "ஷேரிங்!" என்று சொல்லிவிட்டேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்காத கார்ப்பெட். அத்தனை பேர் சாப்பிட்டும் ஸ்பூன் சத்தம்கூட இல்லை. அடுத்த மேசையில் யாரோ கொஞ்சம் பலமாகச் சிரித்ததற்கே ஒருவர் ரொம்ப இரைச்சல் என்று புகார் செய்தார்!

எதிரே உட்கார்ந்த தம்பதி நல்லவர்கள். பெயர், ஊர், பேரப்பிள்ளைகள், போன் நம்பர் எல்லாம் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மெல்லிய குரலில் குட்நைட் சொல்லிப் பிரிந்தோம்.

சங்கரன்கோவில் மேசையில் இருந்தவர்களின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கண்டக்டர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். கை கழுவப் போன வியாபாரி கூட்டத்தோடு போய்விட்டார். அவர்களும் என் பெயரைக் கேட்கவில்லை... நம்பரை மட்டும்தான் கேட்டார்கள்.