கார்த்திகையில் போட்ட தையல்

அருப்புக்கோட்டையில் என் தையல் கடை தெற்கு பார்த்தது. மார்கழியில்தான் காலை வெயில் மிஷின் வரைக்கும் வரும். அதற்காகவே எனக்கு இந்த மாதத்தைப் பிடிக்கும்.

போன வருஷம் ஆடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது கால் முறிந்தது. கட்டுப் பிரித்து, வலி போன பிறகும் நான் ஷட்டரைத் தூக்கவில்லை. மிதியில் கால் வைக்கவே பயம். கேட்டவர்களிடம் மட்டும், பொழுது சீக்கிரம் அடைந்துவிடுகிறது, கண் தெரியவில்லை என்று கதை அளந்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு ஒட்டிக்கொண்டவள் ஒருத்தி. எம்.ரெட்டியபட்டியில் பருத்திக்காடு வைத்திருக்கிறாள். அவளிடம் என் கதை செல்லாது. கார்த்திகை கடைசி நாள் ஒரு மஞ்சள் ரவிக்கைத் துணியோடு வந்து நின்றாள்.

"பொங்கலுக்கு இதத்தான் போடுவேன். தச்சுக் குடு."

"எனக்கு ஏலாதுடி. வேற ஆளப் பாரு."

"முழுசா யாரு கேட்டா? வெட்டி, ஒரு தையல் மட்டும் போடு. விடிஞ்சா மார்கழி. அப்புறம் ஒன் நாத்தனா எதையும் தொடங்க விடுவாகளா?"

தொல்லை விட்டால் போதும் என்று கடையைத் திறந்து, துணியை வெட்டி மிஷினில் உட்கார்ந்தேன். கால் நடுங்கியது, தையல் கோணிக்கொண்டு ஓடியது. எரிச்சலில் துணியை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். அவள் பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, காலையிலேயே பை நிறையப் பச்சை மொச்சையோடு மறுபடி வந்தாள்.

"இன்னைக்குத்தான் வருசத்துலயே குட்டப் பகலாம், டிவில சொன்னாக. நாளையிலருந்து பொழுது வளரும். இனி என்னடி சாக்குச் சொல்லுவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பினேன். ஷட்டரில் கை வைப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்துவிட்டார்.

"மார்கழியில யாராச்சும் கடை தொறப்பாகளா? தை பொறக்கட்டும் மதினி."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இன்னொரு தடவை தள்ளிப் போட்டால் இந்த மிஷினில் நான் உட்காரவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவளே ஷட்டரைத் தூக்கினாள்.

"புதுசா ஒண்ணும் தொடங்கலக்கா. இது கார்த்திகையில தொடங்குன வேல. ஊசியில துணி நிக்கிதான்னு நீங்களே பாருங்க."

நாத்தனார் குனிந்து பார்த்தார். மேலும் கீழும் தலையாட்டினார். "அப்பச் சரி. எனக்கும் ரெண்டு ரவிக்கை கெடக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று போய்விட்டார்.

வெயில் என் பாதத்தில் விழுந்திருந்தது. மிதித்தேன். மிஷின் ஓடியது, காலும் ஓடியது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ரவிக்கை முடிந்ததும், கோணிப்போன அந்த முதல் தையலைப் பிரிக்க பிளேடை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதப் பிரிச்சா வேல மார்கழியில தொடங்குனதா ஆயிரும்டி. கெடக்கட்டும் விடு."

அந்தக் கோணல் தையலோடேயே அவள் பொங்கல் கொண்டாடினாள். இந்த மார்கழியிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.